முந்தி வரும் எதிரொலி

ஜுபைலில் எனக்கு வேலை
இரும்பைத் தட்டிக் கேட்பது.
தட்டுவது கை அல்ல, கட்டைவிரல் பருமனில் ஒரு ப்ரோப்.
கேட்பதும் காது அல்ல.
நொடிக்கு நாற்பது லட்சம் தடவை துடிக்கிற சத்தம் அது,
நாய்க்குக்கூடக் கேட்காது.

முதலில் கூழ் தடவவேண்டும்.
ப்ரோப்புக்கும் தகட்டுக்கும் நடுவே
தாள் கனத்துக்குக் காற்று இருந்தால் போதும்,
சத்தம் உள்ளே இறங்காமல்
வாசலிலேயே திரும்பிவிடும்.
அதனால் என் சட்டைக் கை எப்போதும் பிசுபிசுப்பு.

இருபத்தைந்து மில்லி தகடு.
அடிவரை போய் முட்டித் திரும்ப
ஒரு நொடியைப் பத்து லட்சமாக நறுக்கி
அதில் எட்டரைத் துண்டு.
எட்டரையில் திரையில் முள் எழுந்தால்
நல்ல இரும்பு.
அதற்கு முன்னால் எழுந்தால்
நடுவழியில் ஏதோ மறிக்கிறது.
மொத்தப் படிப்பும் இவ்வளவுதான்.
மிச்சமெல்லாம் சான்றிதழ், இக்காமா, பாதுகாப்பு பூட்ஸ்.

செவ்வாய்க்கிழமை, நூற்றுப் பதினேழாம் வெல்டு.
மொஃபிசுல் போட்டது. நோவகாளிக்காரர்.
ஒன்பது வருடமாக அவர் வெல்டில்
நான் எதையும் கண்டதில்லை.
ஐந்தில் எழுந்தது முள்.
துடைத்தேன், மறுபடி தடவினேன்.
ஐந்து.
இரண்டு அடுக்குக்கு நடுவே கசடு,
நகக்கண் அழுக்குப்போல.

எழுது என்றார் ஹிஷாம். எழுதினேன்.
பிறகு மொஃபிசுலைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன்.
தலையைப் பின்னால் இழுத்தார்.
இன்னும் இழுத்தார்.
கழுத்து தீர்ந்ததும் கண்ணைச் சுருக்கினார்.
அப்போதுதான் தெரிந்தது எனக்கு
கசடு எங்கே என்று.

நாற்பத்தாறு வயதில் கண்ணின் வில்லை
விறைத்துப்போகிறது.
கிட்டத்து ஒளியைக் கூட்டிச் சேர்க்குமளவு
குவியத் தெம்பில்லை அதற்கு.
புள்ளியாய் விழவேண்டியது பொட்டாய் விழுகிறது.
உருகிய குழம்பின் ஓரம் தெரியாமல்
இரண்டு மாதமாகக் கையின் ஞாபகத்தில் பற்றவைத்திருக்கிறார்.
சொன்னால் டிக்கெட் கிழித்து அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்.
பத்து ரியாலுக்கு ஒரு குவிவில்லை,
முகமூடிக்குள் செருகிக்கொள்ளலாம்.
வாங்கிக் கொடுத்தேன்.
செருகிப் பார்த்தவர்
தன் விரல் ரேகையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேம்ப்புக்குத் திரும்பும் பேருந்து.
தார்ச்சாலையில் தண்ணீர் கிடக்கிறது,
நெருங்க நெருங்க நகர்கிறது.
பொய்த் தண்ணீர் என்கிறான் பக்கத்து இருக்கைக்காரன்.
தண்ணீர்தான் பொய். ஒளி மெய்.
வானத்திலிருந்து இறங்கியது,
தரையோரச் சூட்டுக்காற்றில் வேகம் கூடி
வளைந்து வந்து கண்ணில் ஏறுகிறது.
வளைந்த வழி தெரியாத கண்
அதைத் தரையில் தேடுகிறது.

ராத்திரி ஜெபக்கனியைக் கூப்பிட்டேன்.
"உடம்பு எப்ப..." முடிக்கவில்லை,
"நல்லாருக்கேன்" வந்துவிட்டது.

ஜுபைலிலிருந்து தூத்துக்குடி போய்
ஒரு பேச்சு திரும்ப எவ்வளவு நேரம் என்று
பதினோரு வருடம் பழகிய காது இது.
முந்தி வந்திருக்கிறது.
அடிவரை போகவேயில்லை.

செங்குத்தாய் நிற்கிற விரிசல்
நேராய் அனுப்புகிற ஒலிக்கு அகப்படாது.
அறுபது டிகிரி சாய்த்து அனுப்பவேண்டும்.
முதலில் கூழ்:
சாளை என்ன விலை என்றேன். சொன்னாள்.
மாடிக் குழாய் ஒழுகல் நின்றதா என்றேன். நிற்கவில்லை.
பிறகு, போகிறபோக்கில்போல,
"ராத்திரி எத்தன மணிக்குத் தூங்குத?"

பதில் இல்லை.
அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்தது.
இன்னொன்று.
அடுப்பை யாரும் அணைக்கவில்லை.
நானும் ப்ரோப்பை எடுக்கவில்லை.